கால் தரையில் படாமல்

பெரிய ரயில் நிலையத்தில், தொலைந்த பொருட்கள் பிரிவின் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தே தலை நரைத்தவள் அவள். குடை, ஒற்றைச் செருப்பு, பாதி படித்த நாவல், முழுதும் கட்டி முடித்த கல்யாணப் பரிசு எல்லாம் அவளுக்குச் சர்வ சாதாரணம். அன்று காலை ஒரு பல் செட் வந்திருந்தது. மேல்வரிசை மட்டும். படுக்கை வசதி கொண்ட பெட்டியில், தலையணைக்கு அடியில், யாரையோ பார்த்துச் சிரித்த நிலையில் கிடைத்ததாம்.

"இத விட்டுட்டு ஒரு மனுஷன் எப்படிம்மா இறங்கிப் போவான்?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

"பசிக்கிற வரைக்கும் தெரியாது சார்," என்று சொல்லி, பல்லுக்கு ஒரு அட்டை கட்டினாள் அவள்.

அவளைப் பொறுத்தவரை மனித குலம் இரண்டு வகை. தொலைத்தவர்கள், இனிமேல் தொலைக்கப் போகிறவர்கள். இந்தத் தத்துவத்தை அவள் முப்பது வருடமாகப் பொய்க்காமல் காப்பாற்றி வந்தாள். அதுதான் பின்னால் வினையாக முடிந்தது.

தம்பியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, அப்பாவுக்கு உடம்பு கொதிக்குது. மூச்சு வேற வாங்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆனா டாக்ஸியில பின் சீட்ல உக்கார மாட்டேங்கறாருக்கா."

அப்பா பின் சீட்டில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சிக் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவார், அப்பா எல்லோர் உயிரையும் காலில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் அவருக்கு 'ரெண்டாம் பிரேக்' என்றே பட்டப்பெயர். ஓய்வு பெற்ற பிறகும், அம்மா போன பிறகும், எலி வளையானாலும் தனி வளை என்று மாடிவீட்டில் தனியாகவே இருந்தார். தானே சமைப்பார், தானே துவைப்பார், மாலையில் கடைவீதி வரை நடந்து போய், வழியில் யார் எப்படி வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள் என்று மார்க் போட்டுவிட்டு வருவார்.

அன்று அவர் ஆஸ்பத்திரிக்குள் நடந்துதான் போனார். வாசலில் தள்ளுவண்டியோடு வந்த ஊழியரிடம், "நீங்க களைப்பாத் தெரியறீங்க. ஏறிப் படுங்க, நான் தள்றேன்," என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

ஒரு பக்க நுரையீரலில் சளி கட்டிக் கிருமி தொற்றியிருந்தது. ஊசி வழியாக மருந்து போனால் சில நாட்களில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எல்லோருக்கும் மூச்சு வந்தது, அப்பாவைத் தவிர.

வார்டில் கட்டில் கிடைத்ததும் மகள் தன் வேலையை ஆரம்பித்தாள்.

"அப்பா, கண்ணாடியக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"ஆஸ்பத்திரியில தொலைஞ்சிடும். காது மிஷின், பல் செட்டு, மூணையும் குடுங்க. வீட்ல பத்திரமா வெச்சிருக்கேன்."

"பல்லு இல்லாம எப்படித் திங்கிறது?"

"மசிச்சுத் தருவாங்க."

"காது?"

"உங்ககிட்ட வந்து யாருப்பா ரகசியம் பேசப் போறா? நாங்க கத்திப் பேசறோம்."

"சரி, கண்ணு?"

"படுத்துக்கிட்டு என்னத்தப் பாக்கப் போறீங்க? கூரையத்தானே? அது எங்கயும் போயிடாது."

அப்பாவுக்கு வாதாட மூச்சில்லை. மூன்றையும் கழற்றிக் கொடுத்தார். மகள் மூன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி, பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றுக்கும் அட்டை கட்டி, தன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள். அந்த ஆஸ்பத்திரியின் சரித்திரத்திலேயே இவ்வளவு பத்திரமாக எந்த நோயாளியின் உடைமையும் இருந்ததில்லை. உடைமைக்காரர் பத்திரமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அன்பு தொடங்கியது.

தம்பி மெத்தைக் கடை வைத்திருந்தான். உலகத்தில் படுத்தால் தீராத பிரச்சினை எதுவும் இல்லை என்பது அவன் தொழில் தர்மம். ஆஸ்பத்திரி மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்து, இளக்காரமாக முகம் சுளித்து, கடையிலிருந்து ஒரு மேல்மெத்தையும் விதவிதமான தலையணைகளும் கொண்டுவந்து அடுக்கினான். அப்பா அதில் புதைந்து போனார். மூக்கைப் பார்த்துத்தான் ஆள் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பழப்பையோடு வந்தாள். "ஏண்டி, உங்கப்பன் கக்கூசுக்கு நடந்தா போறான்? விழுந்து கிழுந்து வெச்சா? இடுப்பு போச்சுன்னா ஆளே போச்சு. அண்ணன் கால் தரையில படக் கூடாது, ஆமா சொல்லிட்டேன்!"

அத்தை சொன்னால் அப்பீல் கிடையாது. தம்பி நர்சிடம் நச்சரித்தான். நர்சுக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை, இந்தப் பக்கம் ஒரு வரிசை என்று நோயாளிகள். சிறுநீருக்குக் குழாய் போட்டுவிட்டால் அவளுக்கும் ஒரு நடை மிச்சம். குழாய் போட்டாயிற்று. கட்டிலின் இருபக்கக் கம்பித் தடுப்பையும் ஏற்றிவிட்டாயிற்று. அப்பா கரண்டியை எடுக்கக் கை நீட்டினால் மகள் பிடுங்கி ஊட்டினாள். முகம் துடைக்கத் துண்டை எடுத்தால் தம்பி பிடுங்கித் துடைத்தான். எழுந்து உட்காரப் பார்த்தால் மூன்று பேர் ஒரே குரலில், "படுங்க, படுங்க!" என்றார்கள்.

"கொடுத்து வெச்ச மனுஷன்," என்றாள் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி. "இந்தக் காலத்துல இப்படித் தாங்கற பிள்ளைங்க யாருக்கு வாய்க்கும்?"

மகளுக்குப் பெருமையாக இருந்தது. அப்பா முதலில் முனகினார், பிறகு முறைத்தார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. என்ன கேட்டாலும் தலையாட்டினார். காய்ச்சல் இறங்கிக்கொண்டே வந்தது.

"அப்பா எவ்வளவு அமைதியா இருக்கார் பாரு," என்றான் தம்பி.

அமைதியைப் பற்றி அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் தெரியாது. பூனை பாலைக் குடிக்கும்போதும் வீடு அமைதியாகத்தான் இருக்கும்.

ஒரு மாலை, வார்டில் விளக்கு போடுகிற நேரம். மகள் வேலை முடிந்து வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். அப்பா கம்பித் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அவள் தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. அவள் முகத்தின் பக்கம் பார்த்தார். முகத்தை அல்ல, முகம் இருக்கும் திசையை.

"மேடம்," என்றார்.

"அப்பா, நான்தாம்ப்பா."

"மேடம், வண்டி தானா போகுது. கிளட்ச்ச விட்டுட்டீங்க. சரிவுல போய்க்கிட்டு இருக்கோம். என் பக்கம் பிரேக் பிடிக்கல மேடம்."

போர்வைக்குள் அவர் வலது கால் அழுந்தியது. மறுபடி அழுந்தியது. பாதத்துக்கு அடியில் தம்பியின் உயர்தர மெத்தை மட்டும் இருந்தது. எவ்வளவு மிதித்தாலும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

மகள் சிரித்துப் பார்த்தாள். "என்னப்பா விளையாடறீங்களா? இது ஆஸ்பத்திரி. கட்டில்ல படுத்திருக்கீங்க."

"எல்லாரும் வாய வாய அசைக்கிறீங்க," என்றார் அப்பா. பல்லில்லாத வாயில் சொற்கள் குழைந்து வந்தன. "சத்தமே இல்ல. வெள்ளையா வர்றீங்க, தொடறீங்க, போறீங்க. என்ன எங்க கொண்டு போறீங்க?" குரல் இறங்கியது. கெஞ்சலாயிற்று. "என்ன இங்கயே இறக்கி விட்டுடுங்க மேடம். என் பொண்ணு ஸ்டேஷன்ல வேலை பாக்குறா. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ வந்து கூட்டிட்டுப் போயிடுவா."

மகள் அவர் கையைப் பிடித்தாள். அவர் பயத்தில் கையை உதறினார்.

எத்தனையோ பேர் கவுண்டருக்கு வந்து, 'என் பொருள் இங்கே இருக்கிறதா?' என்று கேட்பதை அவள் பார்த்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கும் தன்னிடமே தன்னைத் தேடித் தரச் சொன்னவரை அன்றுதான் பார்த்தாள்.

மறுநாள் எக்ஸ்ரே எடுக்க அவரைத் தள்ளுவண்டியில் கொண்டு போனார்கள். நடைபாதை முழுவதும் அவர், "பிரேக், பிரேக்!" என்று அலறினார். எதிரே வந்தவர்கள் சுவரோடு ஒட்டினார்கள். திரும்பி வந்ததும் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாயைப் பிடுங்கி எறிந்தார். போர்வையில் ரத்தம் தெறித்தது. நர்ஸ் ஓடிவந்து குழாயை வேறு இடத்தில் குத்தினாள். சற்று நேரத்தில் அதையும் பிடுங்கினார்.

"கையைக் கட்டி வெச்சாத்தான் மருந்து ஏறும்," என்றாள் நர்ஸ். அவளுக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "உங்களுக்குச் சம்மதமா?"

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கேள்வி மகளிடம் வந்து நின்றது.

"கட்டுங்க," என்று அப்பாவின் பக்கம் கை நீட்டினாள்.

பஞ்சு வைத்த பட்டையால் இரண்டு மணிக்கட்டையும் கட்டிலோடு கட்டினார்கள். அப்பா கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில், தன் வீட்டு விலாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், வழி தவறினால் சொல்லும்படி கற்றுக்கொடுத்து அனுப்பிய குழந்தை மாதிரி.

எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிந்துவிட்டிருந்தது. நோய் போய்விட்டது. கூடவே நோயாளியும் போய்விட்டார் போலிருந்தது.

"மூளை கலங்கிடுச்சுக்கா," என்றான் தம்பி, வெராந்தாவில் நின்று. அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "ரொம்ப நாளாவே இருந்திருக்கும், நாமதான் கவனிக்கல. இனிமே எப்படித் தனியா இருப்பார்? வயசானவங்க இல்லம் ஒண்ணு விசாரிச்சேன். ஒரு கட்டில் காலியா இருக்காம். நாளைக்குள்ள சொல்லலேன்னா வேற யாருக்கோ குடுத்துடுவாங்களாம்."

"அப்பா அங்க போனா திரும்ப வருவாராடா?"

மாடிவீட்டுச் சாவி மகளின் கைப்பையில் இருந்தது. அதை என்ன செய்வது என்று நினைத்துப் பார்த்தாள். அவள் பிரிவில் சாவி மட்டும் ஒரு பெரிய பெட்டி நிறையக் கிடக்கும். யாரும் தேடி வராத பொருள் அது ஒன்றுதான்.

"பெரிய டாக்டர் பாத்துச் சொல்லட்டும்," என்றாள்.

மூத்தோர் நோய்களைப் பார்க்கும் மருத்துவர் மறுநாள் காலை வந்தார். குள்ளமான அம்மாள். காலில், ஓடுகிறவர்கள் போடும் ஷூ. கட்டப்பட்ட கைகளைப் பார்த்தார், தலையணை மலையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பி தானாகவே இரண்டு அடி பின்னால் போனான்.

"ஐயா, இது எந்த இடம்?" என்று கேட்டார் மருத்துவர்.

அப்பா தலையாட்டினார்.

"உங்க வீடா?"

தலையாட்டினார்.

"நான் யாரு, உங்க தங்கச்சியா?"

அதற்கும் தலையாட்டினார். அத்தைக்குக் கோபம் வந்தது. அந்தப் பயத்துக்கு நடுவிலும் வரத்தான் செய்தது. "பாத்தீங்களா டாக்டர்? கூடப் பொறந்தவளையே தெரியல!"

மருத்துவர் ஒரு நிமிடம் அப்பாவின் முகத்தையே பார்த்தார். பிறகு தன் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி, காதில் வைக்கும் முனைகளை அப்பாவின் காதுகளில் பொருத்தினார். மார்பில் வைக்கும் வட்டத்தைத் தன் வாய்க்கருகே கொண்டுபோனார். மெதுவாகப் பேசினார்.

"ஐயா. கேக்குதா?"

அப்பாவின் உடம்பு முழுவதும் ஒருமுறை அசைந்தது. இருட்டுக் கிணற்றுக்குள் கிடக்கிறவனுக்கு மேலிருந்து கயிறு விழுந்த மாதிரி.

"கேக்குது," என்றார். பிறகு, "கத்தாதீங்கம்மா. காது நல்லாத்தானே கேக்குது," என்றார்.

மகள் கட்டிலுக்கு இன்னும் கிட்ட வந்தாள்.

"இது எந்த இடம்?"

"ஆஸ்பத்திரி வாடை அடிக்குது. ஆனா..." அவர் தயங்கினார். "ஆனா, எதுக்கும்மா இதை ஓட்டிக்கிட்டே இருக்கீங்க? நிறுத்தவே மாட்டீங்களா?"

பாதி வந்தார், பாதி வரவில்லை. மருத்துவர் முனைகளைக் கழற்றிக்கொண்டு திரும்பினார்.

"காதுக்கு மிஷின் வெப்பாரா?"

"வெப்பார் டாக்டர். வீட்ல பத்திரமா..." என்றாள் மகள்.

"கண்ணாடி?"

"அதுவும்..."

"பல்?"

மகள் தன் பெருமை ஒவ்வொன்றாக எழுந்து போவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டை அவுருங்க," என்றார் மருத்துவர் நர்சிடம். "குழாயையும் எடுத்துடலாம். இப்ப எழுந்து நிக்க வெச்சுப் பாப்போம்."

"விழுந்துடுவார் டாக்டர்!" என்று அத்தை, தம்பி, மகள் மூவரும் சொன்னார்கள். ஒத்திகை பார்த்த மாதிரி இருந்தது.

மருத்துவர் ஒரு பக்கமும் நர்ஸ் ஒரு பக்கமுமாகப் பிடித்து அப்பாவைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, எழுப்பினார்கள். முழங்கால்கள் நடுங்கின. பிறகு மடிந்தன. கடைவீதி முழுவதும் மார்க் போட்டுக்கொண்டு நடந்த கால்கள் ஈரத் துணி போலத் துவண்டன. பிடித்திருந்ததால் கட்டிலிலேயே சாய்ந்தார். தொடைச் சதை கரைந்து, தோல் தொங்கியது. போர்வைக்குள் இவ்வளவு நாளும் அது கரைந்துகொண்டிருந்ததை ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை.

"நோய் நுரையீரல்லதானே?" என்றார் மருத்துவர். "கால் என்ன பாவம் பண்ணுச்சு?"

தம்பி போர்வையை இழுத்து அந்தக் கால்களை மூடினான்.

"வயசான உடம்பு, ஓரம் நிறுத்தின வண்டி மாதிரி இருக்காது. அப்படியே விட்டு வெச்சுட்டு அப்புறம் வந்து எடுக்க முடியாது. படுத்தே கிடந்தா கால்ல இருக்கிற பலம் சீக்கிரமா போயிடும். திரும்பக் கொண்டுவர ரொம்ப நாள் ஆகும். புத்தியும் அப்படித்தான். காய்ச்சல், புது இடம், கெட்டுப்போன தூக்கம். இதுக்கு மேல கண்ணையும் காதையும் கழட்டிட்டா, மூளை எதைப் புடிச்சு நிக்கும்? கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட கதைதான். இப்போதைக்கு இதுக்கு மறதி நோய்னு பேர் வைக்க நான் தயாரா இல்ல."

"அப்பா திரும்பி வந்துடுவாரா டாக்டர்?" மகளின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நெறையப் பேர் வர்றாங்க. சிலர் பாதி வழியிலயே நின்னுடறாங்க. இவர் எதுன்னு எனக்குத் தெரியாது. தெரியற மாதிரி நடிக்க மாட்டேன்."

மகள் வீட்டுக்கு ஓடினாள். பீரோவைத் திறந்தாள். மூன்று துணி மூட்டைகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. துல்லியமாக அட்டை கட்டி, ஒரு கீறல் இல்லாமல். பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதாள். பொருளைத் தொலைக்காமல் ஆளைத் தொலைத்தவர்கள் யாராவது முன்பு கவுண்டருக்கு வந்திருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தாள். வந்திருந்தாலும் அதற்கு அவளிடம் அட்டை இல்லை.

திரும்பி வந்து காது மிஷினைப் பொருத்தினாள். பல்லை வைத்தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். அப்பா அவளைப் பார்த்தார். நேராக, முகத்தைப் பார்த்தார்.

"மேடம், இன்னைக்கு வகுப்பு முடிஞ்சுது," என்றார். "நீங்க போகலாம்."

சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் இசை வந்து அப்பா மகளைக் கட்டிக்கொண்டிருப்பார். இது வார்டு. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மகள் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மாலை முழுவதும், வீதியில் யார் எப்படி வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கேட்கிறாரா என்று தெரியவில்லை. நிறுத்தினால் தொலைந்துவிடுவார் என்று பட்டது. தொண்டை கட்டும்வரை பேசினாள்.

வெராந்தாவில் தம்பி போனில் இல்லத்துக்காரரிடம் பேசினான். வரும்போது முகம் தொங்கியிருந்தது. "அந்தக் கட்டில் வேண்டாம்னு சொல்லிட்டேன். சரியா பண்ணேனாக்கா?"

"தெரியலடா," என்றாள். அது உண்மை.

மறுநாள் காலை அவள் உள்ளே வந்தபோது அப்பா தலையைத் திருப்பி, வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா," என்றார், "மூஞ்சி ஏன் இப்படி வீங்கிக் கிடக்கு? தூங்கலியா நீ?"

அவள் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள்.

வந்தவர் அப்படியே தங்கிவிடவில்லை. மத்தியானம் மறுபடி வண்டி ஓடியது, மறுபடி மேடம் ஆனாள். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும், உள்ளே இருப்பது எந்த அப்பா என்று தெரியாமல்தான் திறந்தாள். ஆனால் இப்போது வேலைகள் இருந்தன. சாப்பாடு நாற்காலியில் உட்கார்ந்துதான். கரண்டி அவர் கையில்தான். பாதி சட்டையில் சிந்தினாலும் சரி. பகலில் ஜன்னல் திரை திறந்திருக்க வேண்டும், ராத்திரியில் வார்டில் பேச்சு கூடாது. தம்பி தலையணை மலையை ஒன்றொன்றாக இறக்கிக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனான். தன் சரக்கு வேண்டாம் என்று தானே சொன்ன வியாபாரியின் முகம் பார்க்கப் பாவமாக இருந்தது.

கழிவறைக்கு நடக்கிற முதல் நாள்தான் மோசம். கட்டிலிலிருந்து அந்தக் கதவு கூப்பிடு தூரம்கூட இல்லை. பிசியோதெரபிஸ்ட் முன்னால் நிற்க, அப்பா வாக்கர் என்கிற கைப்பிடிச் சட்டகத்தை ஊன்றி எழுந்தார். நடுவழியில் இடது முழங்கால் மடிந்தது. அத்தை, "ஐயோ, அண்ணே!" என்று அலறி, வாயைத் தானே பொத்திக்கொண்டாள். தம்பி பாய்ந்தான். அப்பா முகம் வியர்த்து, காகிதம் போல வெளுத்திருந்தது. சட்டகத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தொடாத," என்றார் தம்பியிடம், மூச்சிரைக்க. "தொட்டா, அப்புறம் நீயே வந்து என் பதிலா போயிட்டு வா."

வார்டே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த முழங்காலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். கீழே வண்டி நிறுத்துமிடம். ரொம்ப நேரம் எதற்கும் மார்க் போடவில்லை.

"இங்க ஒரு மேடம் வருவாங்க," என்றார் திடீரென்று. "முகம் சரியாத் தெரியல. அவங்கதான் என் கையக் கட்டச் சொன்னாங்க."

மறந்திருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நர்ஸ் கட்டினாள் என்று சொல்லலாம். கனவு என்று சொல்லலாம்.

"அது நான்தாம்ப்பா," என்றாள்.

"ம்," என்றார். "குரல் கேக்கல. ஆனா கை நீட்டிச் சொன்னது உன் ஜாடைதான்." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார், "சாவுக்கு நான் பயப்படலம்மா. செத்துட்டா எனக்கு ஒண்ணும் புரியாது. இங்க எல்லாம் புரிஞ்சுது. இருந்தும் ஒருத்தருக்கும் சொல்ல முடியல. அதுதான் பயமா இருந்துது. இன்னமும் இருக்கு. கண்ண மூடினா, திறக்கறப்ப யாரு வந்து நிப்பாங்கன்னு தெரியல."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அவர் உதறவில்லை. மணிக்கட்டில் பட்டை அழுத்திய தடம் மங்கலாக இருந்தது.

மறுநாள் தம்பி சக்கர நாற்காலியோடு வந்தான். மாடிவீட்டில் நடுக்கூடத்தில் புதுக் கட்டில் போட்டாயிற்றாம், பொத்தானை அமுக்கினால் தலைமாடு தானாக எழுமாம். அத்தை ஆள் வைத்துவிட்டாளாம், ஊட்ட, குளிப்பாட்ட, பிடித்துப் போக. "இனிமே அண்ணன் ஒரு துரும்பையும் அசைக்க வேணாம்!"

அப்பா மகளைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்களில் அந்த மாலையின் பயம் அப்படியே இருந்தது.

"அத்த, கொஞ்சம் இருங்க," என்றாள் மகள். "டேய், அந்தக் கட்டில வித்துடு. வந்த நோய டாக்டர் பாத்துக்கிட்டாங்க. மீதிய நாமதான் பண்ணோம். அன்புங்கற பேர்ல கண்ணையும் காதையும் பிடுங்கி, கையக் கட்டி, காலப் படுக்க வெச்சோம். கடைசியில, ஆளே இல்லன்னு நாமளே முடிவு பண்ணோம். வயசானவங்கள ஆஸ்பத்திரியில சேத்தா, அவங்களுக்காக எல்லாத்தையும் செய்யறது பணிவிடை இல்லடா. அவங்க தானா செய்யறது எதுவும் நின்னு போயிடாமப் பாத்துக்கறதுதான் பணிவிடை."

தம்பி சக்கர நாற்காலியின் கைப்பிடியை விட்டான். அத்தை ஏதோ சொல்ல வந்து, பழப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அப்பா சட்டகத்தை ஊன்றி எழுந்தார். வாசல் வரை நீண்ட நடைபாதை. ஒரு அடி, ஒரு நிற்றல், ஒரு அடி. முழங்கால் நடுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி மகளின் கை கூடவே போனது. பயம் அவளை விட்டுப் போகவில்லை. இனியும் போகாது. கை மட்டும் அந்த ஒரு சாணைத் தாண்டவில்லை.